ஓடூவில் இ-இன்வாய்ஸ்: அனுப்புவது சுலபம், திரும்பி வந்தால்தான் வேலை

ஓடூ என்ற வணிகக் கணக்கு மென்பொருளில், இன்வாய்ஸை அரசு போர்ட்டல் வழியாகப் பதியும் இ-இன்வாய்ஸின் டெமோவில் எல்லாம் அழகாக நடக்கும். இன்வாய்ஸை உறுதி செய்து அனுப்பும் பொத்தானைத் தட்டினால், சில விநாடிகளில் அரசு போர்ட்டலின் எண்ணும் க்யூஆர் குறியும் பிடிஎஃபில் வந்து உட்கார்ந்துவிடும். அதில் ஏமாற்று எதுவும் இல்லை. தரவு சரியாக இருந்தால் நிஜத்திலும் அப்படித்தான் போகும். ஆனால் இரண்டு மூன்று நாடுகளில் நிறுவனம் வைத்திருப்பவர்கள் ஒரு மென்பொருளை எடைபோட வேண்டியது போய்ச் சேர்ந்த இன்வாய்ஸை வைத்து அல்ல; நிராகரிக்கப்பட்டது எங்கே போய் நிற்கிறது, யார் கண்ணில் படுகிறது, ரத்து செய்தால் கணக்கில் என்ன ஆகிறது என்பதை வைத்துத்தான்.

இங்கே பேசுவது ஓடூ 17, 18 பதிப்புகளைப் பற்றி. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒவ்வொரு நாட்டுக்கான மாட்யூலையும் தனியாக எடுத்தால் நன்றாக இருக்கிறது. சிலவற்றில் நிஜமாகவே களம் தெரிந்தவர்களின் கை தெரிகிறது. எல்லா நாடுகளையும் ஒரே திரையில் வைத்துக் கவனிக்க நினைத்தால் அங்கேதான் ஓடூ கைவிடுகிறது.

கம்பெனிக்கு ஒரு நாடு

ஓடூவில் எல்லாம் கம்பெனி அமைப்பிலிருந்து தொடங்குகிறது. கம்பெனியின் நாட்டைக் குறிப்பிட்டதும் அந்த நாட்டின் கணக்குத் தலைப்புகள், வரிகள், அறிக்கைகள் எல்லாம் இறங்குகின்றன. இ-இன்வாய்ஸ் மாட்யூல் அதன் மேல் ஏறி உட்காரும். ஒரே தரவுத்தளத்தில் இத்தாலிக் கம்பெனி, சவூதிக் கம்பெனி, மலேசியக் கம்பெனி மூன்றும் இருக்கலாம். ஒன்றின் விதி மற்றொன்றைத் தொடாது. இது நல்ல வடிவமைப்பு.

சிக்கல், ஒரே சட்ட நிறுவனம் இன்னொரு நாட்டில் வரிப்பதிவு மட்டும் வைத்திருக்கும்போது வரும். எந்த விற்பனைக்கு எந்த வரி என்று முடிவு செய்யும் ஃபிஸ்கல் பொசிஷன் அமைப்பில் வெளிநாட்டு வாட் எண்ணைச் சேர்த்தால் அந்த நாட்டின் வரிகளை ஓடூ உருவாக்கித் தரும். அதோடு இ-இன்வாய்ஸும் வந்துவிடும் என்று நினைத்தால் தவறு. இ-இன்வாய்ஸ் வேண்டுமா இல்லையா என்பதை மாட்யூல் கம்பெனியின் வரி நாட்டைப் பார்த்தே முடிவு செய்கிறது. கிடங்கு ஒரு நாட்டில், தலைமையகம் இன்னொரு நாட்டில் என்று இருப்பவர்கள் அந்தப் பதிவுக்குத் தனிக் கம்பெனியே உருவாக்க நேரிடும். வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி இது.

இலவச கம்யூனிட்டி பதிப்பில் எந்த நாடு கிடைக்கும், எது கட்டணப் பதிப்பான என்டர்பிரைஸில் மட்டும் என்பதையும் நாடுவாரியாகப் பார்க்க வேண்டும். இத்தாலி, சவூதி மாட்யூல்கள் கம்யூனிட்டியில் உள்ளன. மெக்சிகோ வேண்டுமென்றால் என்டர்பிரைஸ்தான்.

இந்தியா: சத்தமில்லாமல் தவறும் இடங்கள்

இந்தியாவில் இ-இன்வாய்ஸ் 2020 அக்டோபர் 1 அன்று 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களிடம் தொடங்கி, படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடியைத் தாண்டியவர்கள் வரை வந்துவிட்டது. போர்ட்டல் தரும் ஐஆர்என் என்ற இன்வாய்ஸ் பதிவு எண் 64 எழுத்து நீளமுள்ள ஒரு ஹேஷ், அதாவது தரவிலிருந்து கணக்கிடப்படும் அடையாளக் குறி. விற்பவரின் ஜிஎஸ்டிஐஎன் (ஜிஎஸ்டி பதிவு எண்), ஆவண எண், ஆவண வகை, நிதியாண்டு ஆகிய நான்கிலிருந்து அது உருவாகிறது. தொகை அதில் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வேலைக்கு ஆகும்.

அமைப்பதில் பலர் தடுக்கி விழுவது பயனர் பெயரில். போர்ட்டலில் நுழையும் வழக்கமான பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இங்கே செல்லாது. போர்ட்டலின் ஏபிஐ (மென்பொருள்கள் தமக்குள் பேசும் வழி) பதிவுப் பகுதியில் போய், ஜிஎஸ்பி (ஜிஎஸ்டி இடைச்சேவை நிறுவனம்) வழியாக என்பதைத் தேர்ந்தெடுத்து, ஓடூவின் ஆவணத்தில் சொல்லியிருக்கும் ஜிஎஸ்பியைக் குறித்து, தனியாக ஒரு ஏபிஐ பயனரை உருவாக்க வேண்டும். அதை ஓடூ அமைப்பில் இட்டுச் சரிபார்க்கும் பொத்தானை அழுத்தினால் உடனே தெரிந்துவிடும். அனுப்புவதற்கு ஓடூவிடம் முன்கூட்டியே வாங்கி வைக்கும் ஐஏபி கிரெடிட் தேவை. கிரெடிட் தீர்ந்தால் இன்வாய்ஸ் நின்றுவிடும் என்பதால், மாதக் கடைசிக்கு முன் இருப்பைப் பார்ப்பதை ஒருவர் பொறுப்பில் விடுங்கள்.

பிழைச் செய்தியோடு வரும் தவறுகள் பரவாயில்லை. பின்கோடு ஆறு இலக்கம் இல்லை, எச்எஸ்என் (பொருள் வகைக் குறியீடு) விடுபட்டது, ஆவண எண் 16 எழுத்தைத் தாண்டிவிட்டது என்று ஓடூ அனுப்பும் முன்பே தடுத்துச் சொல்லிவிடும். செய்தியே வராத தவறுதான் ஆபத்து. வாடிக்கையாளரின் ஜிஎஸ்டி டிரீட்மென்ட் புலத்தை ‘கன்ஸ்யூமர்’ என்றோ ‘அன்ரெஜிஸ்டர்டு’ என்றோ விட்டிருந்தால், இது இ-இன்வாய்ஸ் தேவையில்லாத விற்பனை என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும். எச்சரிக்கை கிடையாது, சிவப்புப் பட்டை கிடையாது. வாடிக்கையாளர் உள்ளீட்டு வரி கிடைக்கவில்லை என்று தொலைபேசியில் கூப்பிடும்போதுதான் தெரியவரும். 10 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு 2025 ஏப்ரல் 1 முதல் 30 நாள் கெடுவும் இருப்பதால், அதற்குள் கெடு தாண்டியிருக்கும். ஜிஎஸ்டிஐஎன் நிரம்பியிருந்தும் டிரீட்மென்ட் தவறாக இருக்கும் தொடர்புகளை வடிகட்டிக் காட்டும் ஒரு தேடலைச் சேமித்து வைத்து, வாரம் ஒருமுறை பார்ப்பது நல்லது.

ஓடூ உண்மையிலேயே கெட்டிக்காரத்தனம் காட்டும் இடம் 2150 என்ற பிழை. போர்ட்டல் ஐஆர்என் கொடுத்துவிட்டது, பதில் வந்து சேரும் முன் இணைப்பு அறுந்துவிட்டது என்று வையுங்கள். மறுபடி அனுப்பினால் ‘இது ஏற்கெனவே உள்ளது’ என்று 2150 வரும். ஓடூ அத்தோடு நின்றுவிடாமல், ஆவண விவரத்தை வைத்து அந்த ஐஆர்என்னைக் கேட்டு வாங்கி இன்வாய்ஸோடு இணைத்துவிடுகிறது. இடையில் யாராவது இன்வாய்ஸை வரைவாக்கித் தொகையை மாற்றியிருந்தால்? ஐஆர்என்னில் தொகை இல்லை அல்லவா, பழைய தொகைக்கான பதிவு புதிய தொகையோடு ஒட்டிக்கொள்ளும். முன்பே சமர்ப்பிக்கப்பட்டிருக்கிறது, மதிப்பை அரசுத் தளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்று இன்வாய்ஸின் குறிப்புப் பகுதியில் ஓடூ ஒரு வரி எழுதிவைக்கிறது. அந்த வரியை யாரும் படிப்பதில்லை. படியுங்கள்.

ரத்துக்கு 24 மணி நேரம். காரணத்தையும் குறிப்பையும் இன்வாய்ஸின் பிற விவரப் பக்கத்தில் நிரப்பிவிட்டுத்தான் ‘ரிக்வெஸ்ட் இடிஐ கேன்சலேஷன்’ அழுத்த வேண்டும். ரத்தான எண்ணை மறுபடி பயன்படுத்த போர்ட்டல் விடாது. ஆகவே அதே இன்வாய்ஸை வரைவாக்கித் திருத்தி அனுப்பும் பழக்கம் இங்கே எடுபடாது, புது எண்ணில்தான் போட வேண்டும். 24 மணி நேரம் தாண்டினால், இன்வாய்ஸ் தொகையைக் கழிக்கும் கிரெடிட் நோட் ஒன்றே வழி.

தள்ளுபடியை இன்வாய்ஸில் எதிர்மறைத் தொகையுள்ள வரிசையாகப் போடுபவர்களுக்கு ஒரு குறிப்பு: போர்ட்டல் எதிர்மறை வரிசையை ஏற்காது. ஓடூ அதை மற்ற வரிசைகளில் பிரித்துக் கழித்து அனுப்பும், ஆனால் எச்எஸ்என்னும் வரி விகிதமும் பொருந்தினால்தான். 18 சதவீதப் பொருளுக்கான தள்ளுபடியை 5 சதவீத வரியில் போட்டிருந்தால் கழிக்க இடமிருக்காது.

இத்தாலி

2019 ஜனவரி 1 முதல் உள்நாட்டு விற்பனை இன்வாய்ஸ் பெரும்பாலும் எஸ்டிஐ என்ற அரசின் பரிமாற்ற மையம் வழியாகப் போக வேண்டும். ஓடூ தானே இடைத்தரகராக நின்று அனுப்புகிறது; தனிச் சேவை நிறுவனம் தேவையில்லை. ஓடூவுக்குரிய ஏழு எழுத்துப் பெறுநர் குறியீட்டை வரித்துறைத் தளத்தில் பதிந்துவிட்டால் வாங்கும் பில்களும் தானாக வந்து விழும். உள்ளே வரும் பக்கம் இவ்வளவு சுத்தமாக வேலை செய்வது இந்த விலை மட்டத்தில் பெரிய விஷயம்.

மாஸ்டர் டேட்டாவில், அதாவது வாடிக்கையாளர், பொருள், வரி ஆகியவற்றின் அடிப்படைத் தரவில், கவனிக்க வேண்டியது பூஜ்ய வரி. விகிதம் பூஜ்யம் என்றால் ஏன் பூஜ்யம் என்பதற்கான ‘நதூரா’ குறியீடு, என்1 முதல் என்7 வரையுள்ளதில் ஒன்று, இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் எஸ்டிஐ 00400 என்று திருப்பி அனுப்பும். ஓடூவில் இது வரியின் அமைப்பில், விலக்குக் காரணமும் சட்டக் குறிப்பும் சேர்ந்து இருக்கிறது. நீங்களாக ஒரு பூஜ்ய வரியை நகலெடுத்து உருவாக்கினால் இந்த இரண்டையும் மறுபடி பாருங்கள்.

நிராகரிப்பு ஐந்து நாளுக்குள் வரும். நிராகரிக்கப்பட்ட இன்வாய்ஸ் வெளியிடப்படாததாகவே கருதப்படுகிறது; ஐந்து நாளுக்குள் அதே எண்ணிலும் தேதியிலும் திருத்தி அனுப்பலாம். கிரெடிட் நோட் போட்டுச் சரிசெய்யக் கூடாது. இந்தியாவில் பழகிய கணக்காளர் இத்தாலியில் செய்யும் முதல் தவறு இதுதான், இத்தாலியில் பழகியவர் இந்தியாவில் செய்வது அதன் தலைகீழ். ‘ரத்து’ என்ற ஒரே சொல் ஒவ்வொரு நாட்டிலும் வெவ்வேறு பொருள் தருகிறது. ஓடூவின் பொத்தான்கள் அந்த வேறுபாட்டை ஓரளவு காட்டுகின்றன, ஏன் என்று விளக்குவதில்லை.

வெளிநாட்டிலிருந்து வாங்கும் சேவைக்கு டிடி17, ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளிருந்து வாங்கும் பொருளுக்கு டிடி18 போன்ற தன்-அறிவிப்பு ஆவணங்களையும் வாங்கும் பில்லிலிருந்தே அனுப்பலாம். வகையை ஓடூ ரிவர்ஸ் சார்ஜ் (வாங்குபவரே கணக்குக் காட்டும்) வரியை வைத்து ஊகிக்கிறது. வரியைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் வகையும் தவறும்.

சவூதி அரேபியா: சங்கிலியின் கதை

இதுதான் மிகக் கடினமான மாட்யூல், ஓடூ மிகக் கவனமாகச் செய்திருப்பதும் இதையே. 2023 ஜனவரியில் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் ஒவ்வொரு இன்வாய்ஸும் தனக்கு முந்தைய இன்வாய்ஸின் ஹேஷைச் சுமக்கிறது. ஒரு எண்ணியும் கூடவே ஏறுகிறது. நிறுவனங்களுக்கு விற்பது முன் அனுமதி பெற்றே வாடிக்கையாளரிடம் போக வேண்டும். சில்லறை விற்பனையை 24 மணி நேரத்துக்குள் தெரிவித்தால் போதும்.

இணைப்பது ஜர்னல்வாரியாக; ஜர்னல் என்பது இன்வாய்ஸ்கள் பதிவாகும் பதிவேடு. ஒவ்வொரு விற்பனை ஜர்னலுக்கும் ஃபாதூரா என்ற சவூதி அரசு போர்ட்டலில் ஓடிபி எடுத்து இட வேண்டும். அது ஒரு மணி நேரமே செல்லும் என்பதால், சான்றிதழ் விவரங்களையும் கம்பெனி முகவரியையும் நிரப்பி முடித்த பிறகு எடுங்கள். சவூதி முகவரியில் கட்டட எண் நான்கு இலக்கம், அஞ்சல் குறியீடு ஐந்து இலக்கம், பகுதிப் பெயர் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் புலம் உண்டு. எல்லாவற்றையும் முதல் வரியில் அடைத்து எழுதும் பழக்கம் இங்கே உதவாது.

சங்கிலியின் விளைவு என்னவென்றால், ஒரு இன்வாய்ஸ் சிக்கினால் அந்த ஜர்னலில் அதற்குப் பின்னால் நிற்பவை எல்லாம் நிற்கும். ‘சங்கிலியின் தலை இன்னும் போகவில்லை’ என்ற பொருளில் ஓடூ மறுக்கும்போது பலர் இதை மென்பொருள் கோளாறு என்று நினைக்கிறார்கள். இல்லை. அனுப்பியதற்குப் பதிலே வராதபோது, அது ஏற்கப்பட்டதா என்று மென்பொருளுக்குத் தெரியாது. அதைத் தாண்டி அடுத்ததை அனுப்பினால் எந்த ஹேஷைக் கோர்ப்பது? ஆகவே சிக்கியதையே, ஒரு எழுத்தும் மாறாமல், மறுபடி அனுப்ப வேண்டும். பின்னால் நிற்பவற்றைத் தொடாதீர்கள்; தலையைத் தேடுங்கள்.

இதனால் ஒரு நடைமுறை முடிவு பிறக்கிறது: சில்லறைக்கும் மொத்த விற்பனைக்கும் தனித்தனி ஜர்னல் வைத்துவிடுங்கள். கடை விற்பனையில் ஒன்று சிக்கினால் பெரிய வாடிக்கையாளரின் இன்வாய்ஸ் காத்திருக்கக் கூடாது. இன்னொன்று, உற்பத்தி நிலைக்கு ஒருமுறை மாறினால் ஓடூ திரும்ப விடாது. சிமுலேஷன் நிலையில் கிரெடிட் நோட், முன்பணம், பூஜ்ய வரி மூன்றையும் பார்த்த பிறகே மாறுங்கள்.

மெக்சிகோ, மலேசியா

மெக்சிகோவில் அரசு அங்கீகரித்த ‘பேக்’ நிறுவனம் ஒன்று இடையில் நின்று முத்திரை இடுகிறது. ஓடூ சிலவற்றோடு நேரடியாக இணைகிறது. கணக்கைத் தொடங்குவது உங்கள் வேலை. அங்குள்ள இ-இன்வாய்ஸ் வடிவமான சிஎஃப்டிஐயின் 4.0 பதிப்பு வந்தபின் பெறுநரின் பெயர், அஞ்சல் குறியீடு, வரி வகை மூன்றும் வரித்துறைச் சான்றில் உள்ளபடியே இருக்க வேண்டும். பெயரின் கடைசியில் வரும் ‘எஸ்ஏ தே சிவி’ போன்ற நிறுவன வகையைச் சேர்க்கக் கூடாது. அதை ஓடூவே நீக்கிவிட்டு அனுப்புகிறது. மற்ற எழுத்துப் பிழைகளை அது கண்டுபிடிக்காது, முத்திரைக்குப் போய்த்தான் அடிபடும்.

பணம் வரும் விதத்தைக் குறிக்கும் பியூஇ (ஒரே தடவையில்), பிபிடி (தவணையாக அல்லது பிறகு) தேர்வை ஓடூ கெடுத் தேதியை வைத்து எடுக்கிறது. கெடு அதே மாதத்துக்குள் என்றால் பியூஇ, அடுத்த மாதத்துக்குப் போனால் பிபிடி. மாதக் கடைசியில் ‘உடனடி’ என்று இன்வாய்ஸ் போட்டு, பணம் அடுத்த மாதம் வந்தால் அது தவறான பியூஇ ஆகிவிடும். 25 ஆம் தேதிக்குப் பிறகு போடுபவற்றில் பேமென்ட் டெர்ம் எது என்று ஒருமுறை பாருங்கள். பிபிடி என்றால் பணம் வந்த அடுத்த மாதம் ஐந்தாம் தேதிக்குள் கட்டண ஆவணம் போக வேண்டும். அதை ஓடூ கட்டணப் பதிவை இன்வாய்ஸோடு பொருத்தியதிலிருந்து தயாரிக்கிறது. பொருத்தாமல் விட்ட வங்கிப் பதிவு ஒவ்வொன்றும் ஒரு அபராத வாய்ப்பு.

மலேசியாவின் மைஇன்வாய்ஸ் ஒப்பீட்டில் எளிது. போர்ட்டலில் ஓடூவை இடைத்தரகராகச் சேர்த்து அனுமதி கொடுத்தால் பாதி வேலை முடிந்தது. 72 மணி நேரத்துக்குள் விற்பவர் ரத்து செய்யலாம், வாங்குபவர் நிராகரிக்கக் கேட்கலாம். ஆகவே ‘ஏற்கப்பட்டது’ என்று பச்சை காட்டினாலும் மூன்று நாள் கழியும் வரை அது உறுதியல்ல.

பெப்போல்: ரவுண்டிங்கில் இருக்கிறது விஷயம்

பெல்ஜியத்தில் 2026 ஜனவரி 1 முதல் நிறுவனங்களுக்கிடையிலான இன்வாய்ஸ் பெப்போல் என்ற மின்-ஆவணப் பரிமாற்ற வலையமைப்பில் போக வேண்டும். ஓடூ பெல்ஜிய நிறுவனம். பெப்போல் அணுகு முனையாகவும் தானே இயங்குகிறது. இந்தப் பகுதி நன்றாக இருப்பதில் வியப்பில்லை. வாடிக்கையாளர் பெப்போலில் இருக்கிறாரா என்று தொடர்புப் பக்கத்திலேயே சோதித்துச் சொல்கிறது. நீங்கள் ஏற்கெனவே வேறு சேவையில் பெறுநராகப் பதிந்திருந்தால் அங்கிருந்து விலகியோ, மாற்றச் சாவி வாங்கியோதான் ஓடூவில் பதிய முடியும். ஒரு அடையாளத்துக்கு ஒரே பெறும் இடம்தான். பெல்ஜியத்துக்கு 0208 என்ற முன்குறியோடு பதிவு எண்ணைத் தருவது வழக்கம். பழைய 9925 வாட் முன்குறியில் தேடினால் இருப்பவரும் இல்லாதவராகத் தெரியலாம்.

ஆரம்பத்திலேயே தீர்க்க வேண்டியது ரவுண்டிங். ஐரோப்பிய இ-இன்வாய்ஸ் தரமான இஎன் 16931 வரியைக் கணக்கிடுவது இன்வாய்ஸின் ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனியாக அல்ல. ஒரே விகிதத்தில் உள்ள எல்லாவற்றையும் கூட்டி, அந்த மொத்தத்தை விகிதத்தால் பெருக்கி, இரண்டு தசமத்துக்குச் சுருக்குகிறது. ஓடூவின் கணக்கு அமைப்பில் ‘ரவுண்ட் பெர் லைன்’, ‘ரவுண்ட் குளோபலி’ என்று இரண்டு வழிகள் உண்டு. முதல் வழியில் 21 சதவீத வரியில் 0.33 யூரோ பொருள் பத்து வரிசைகளில் இருந்தால், ஒவ்வொன்றின் வரி 0.0693 என்பது 0.07 ஆகி மொத்தம் 0.70 வரும். தரத்தின் கணக்கில் 3.30-இன் 21 சதவீதம் 0.693, அதாவது 0.69. ஒரு சென்ட் இடிக்கிறது. சிறு தொகை வரிசைகள் நிறைய உள்ள தொழிலில் இந்தச் சென்ட் இன்வாய்ஸுக்கு இன்வாய்ஸ் வளரும். கடை பில்லிங்கும் இணைய விற்பனையும் வேறு முறையில் சுருக்கினால் குழப்பம் இரட்டிப்பு. ‘ரவுண்ட் குளோபலி’யைத் தேர்ந்தெடுங்கள், நடுவருடத்தில் மாற்றாதீர்கள்.

பலவீனம்: ஒரே திரை இல்லை

பழைய பதிப்புகளில் இ-இன்வாய்ஸ் நிலை எல்லாம் ஒரு பொதுச் சட்டகத்தில் இருந்தது. பிறகு நாடுகள் ஒவ்வொன்றாக அதை விட்டு வெளியேறின. இப்போது இத்தாலிக்கு ஒரு நிலைப் புலம், மலேசியாவுக்கு வேறு, பெப்போலுக்கு வேறு. மெக்சிகோ தனக்கென ஆவணப் பட்டியலே வைத்திருக்கிறது. சவூதி பழைய சட்டகத்திலேயே நிற்கிறது. நாடுகளின் விதிகள் அவ்வளவு வேறுபடுவதால் இதை நியாயப்படுத்தலாம். ஆனால் ஐந்து நாட்டு இன்வாய்ஸ்களையும் பார்க்கும் மையக் குழு ஐந்து வடிகட்டிகளைத் தானே உருவாக்க வேண்டியிருக்கிறது. பெரு நிறுவனங்களுக்கான மென்பொருளைத் தரும் எஸ்ஏபி தன் டாகுமென்ட் அண்ட் ரிப்போர்ட்டிங் கம்ப்ளையன்ஸில் எல்லா நாட்டு ஆவணங்களையும் ஒரே செயலியில் காட்டுகிறது. அதற்கான செலவும் ஆள்பலமும் வேறு மட்டம் என்றாலும், இந்த ஒரு விஷயத்தில் அது முன்னால்.

பழைய சட்டகத்தில் இன்னொரு பொறி. பின்னணியில் ஓடும் தானியங்கி வேலை, ‘எச்சரிக்கை’ நிலையில் உள்ளவற்றைத் தானே மறுபடி அனுப்பும். ‘பிழை’ நிலையில் உள்ளவற்றைத் தொடாது. யாராவது போய்க் காரணத்தைச் சரிசெய்து மறுமுயற்சி அழுத்தும் வரை அவை அப்படியே கிடக்கும். தானியங்கி என்று நம்பி விட்டால் காலாண்டு முடிவில் ஒரு குவியலே கிடைக்கும்.

சோதனைத் தரவுத்தளம்

சொந்த சர்வரில் ஓடூ வைத்திருப்பவர்களுக்கு மிக ஆபத்தானது இது. நிஜத் தரவின் பேக்கப்பை எடுத்துச் சோதனைக்கு ஏற்றினால், அரசு போர்ட்டல் சாவிகளும் அதோடு வரும். சோதனை இன்வாய்ஸ் நிஜமாகவே வரித்துறைக்குப் போய்விடும். 16 ஆம் பதிப்பிலிருந்து இதற்கு ‘நியூட்ரலைஸ்’ கட்டளை இருக்கிறது. மீட்டெடுக்கும்போதே அதைச் சேர்த்து ஓட்டினால் மின்னஞ்சலும் போர்ட்டல் இணைப்புகளும் முடங்கும். ஏற்றும்போது ‘இது நகல்’ என்று குறிப்பிட்டால் தரவுத்தளத்துக்குப் புதிய அடையாளம் கிடைக்கும்; இல்லையென்றால் ஓடூவின் இடைச் சேவை இரண்டையும் ஒன்றாகக் கருதிக் குழம்பும்.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. இத்தாலியிலும் பெப்போலிலும் ‘டெமோ’ நிலை இருக்கிறது; அதில் அனுப்பினால் எங்கும் போகாது, போனதுபோல நிலை மட்டும் மாறும். பயிற்சிக்கு அருமை. நேரலைக்கு வந்த நாளில் அதை மாற்ற மறந்தால் எல்லா இன்வாய்ஸும் பச்சையாகத் தெரியும். முதல் நாள் போன முதல் இன்வாய்ஸை அரசுத் தளத்திலேயே திறந்து பார்த்துவிடுங்கள்.

அப்டேட்

வெளியான பதிப்பின் தரவுத்தள அமைப்பை ஓடூ பொதுவாக மாற்றுவதில்லை. ஆகவே புதிய சட்டம் புதிய புலம் கேட்டால், அது பெரும்பாலும் தனிச் சிறு மாட்யூலாக வருகிறது. கோடு புதுப்பித்தால் மட்டும் போதாது. மாட்யூல் பட்டியலைப் புதுப்பித்து, அதை நிறுவி, பழையதை அப்கிரேடு செய்ய வேண்டும். ஓடூவின் ஆன்லைன் சேவையில் இது குறைவாக உறுத்தும். சொந்த சர்வரில் ஆறு மாதம் தொடாமல் வைத்திருப்பவர்கள் இ-இன்வாய்ஸைப் பொறுத்தவரை சட்டத்துக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். மூன்று பதிப்புகளுக்கே ஆதரவு உண்டு என்பதையும் கணக்கில் வையுங்கள். போலந்து 2026 பிப்ரவரியில் பெரிய நிறுவனங்களுக்கும் ஏப்ரலில் மற்றவர்களில் பெரும்பாலோருக்கும் கேசெஃப் என்ற அரசு இ-இன்வாய்ஸ் முறையைக் கட்டாயமாக்கும் அட்டவணை போட்டதுபோல், தேதிகள் உங்கள் பதிப்பு மாற்றத்துக்காகக் காத்திருப்பதில்லை.

ஒன்று முதல் நான்கு நாடுகள், நாட்டுக்கு ஒரு சட்ட நிறுவனம், மாஸ்டர் டேட்டாவுக்குப் பொறுப்பான ஒரு ஆள் என்று இருந்தால் ஓடூவைத் தயங்காமல் எடுக்கலாம். ஒரே நிறுவனம் ஆறு நாடுகளில் வரிப்பதிவோடு விற்கிறது, கண்காணிப்பு ஒரே அறையிலிருந்து நடக்க வேண்டும் என்றால், கணக்குக்கு ஓடூவை வைத்துக்கொண்டு இ-இன்வாய்ஸை மட்டும் பல நாடுகளைக் கையாளும் தனிச் சேவையிடம் ஏபிஐ வழியாகக் கொடுப்பது பொருந்தும். அப்படிச் செய்பவர்கள் ஓடூவின் நாட்டு மாட்யூலை அந்தக் கம்பெனியில் அணைத்துவிட்டார்களா என்று பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே இன்வாய்ஸை அனுப்பினால் இந்தியாவில் 2150 வரும், இத்தாலியில் 00404 வரும். சவூதியிலோ இரண்டு சங்கிலிகள் ஓடத் தொடங்கிவிடும்.